ஓர் ஆட்டம் வென்ற நங்கை

எமது தீவகத்திலே ரெனிஸ் பந்து உண்டு, ரெனிஸ் இல்லை. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து வீதி நெடுகிலும் நடந்து பாருங்கள். மாலை வேளையில் வெறுங்காணி கண்ட இடமெல்லாம் இளைஞர் கூடி மென்பந்துத் துடுப்பாட்டம் ஆடிக்கொண்டிருப்பர். அவர்கள் கையில் உருளும் அந்த மஞ்சட்பச்சைப் பந்து ரெனிஸ் ஆட்டத்துக்கென்றே செய்யப்பட்ட பந்து. அதனை வலைக்கு மேலாக அடித்தாடும் உரிய ஆட்டத்தை நேரிற் கண்டவரோ நம்முள் மிகச் சிலர். ஆதலால், இவ்வாண்டு மலருக்கு ரெனிஸ் வீராங்கனை ஒருவரைப் பற்றி எழுதப்போகின்றேன் என்று நான் சொன்னபோது, சங்கத்துப் பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏன் பிள்ளை, அவ எத்தனை கிண்ணம் வென்றவ?" என்று வினவினார்.

"உலகப் பெரும் போட்டியில் ஓர் ஆட்டம் வென்றவ, ஐயா" என்றேன்.

"ஓர் ஆட்டமோ! ஓர் ஆட்டத்துக்கு ஒரு கட்டுரையோ?"

கேள்வி நியாயமானதே. அன்று அவருக்கு நான் வாயாற் சொன்ன விடை அரைகுறையானது. எஞ்சியதை இங்கே எழுத முயல்கின்றேன்.

அவ்வீராங்கனையின் பெயர் நிருபமா வைத்தியநாதன். 1976 ஆம் ஆண்டு மார்கழி 8 ஆந் திகதி தமிழ்நாட்டின் கோயம்புத்தூரிலே பிறந்தவர். திருமணத்தின் பின் நிருபமா சஞ்சீவ் என வழங்கப்படுபவர். நிருபமா என்பது வடசொல். உவமை இல்லாதவள் என்பது அதன் பொருள். லலிதா சகஸ்ரநாமத்திலே அம்பாளுக்குரிய ஆயிரம் நாமங்களுள் இதுவும் ஒன்று என்பதை, நயினை நாகபூஷணி அம்மன் சந்நிதிக்குப் படகேறிச் சென்று வரும் எம்மவர்க்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. உவமை இல்லாதவள் என்று பெயர் பெற்றவரை உலகம் வாழ்நாள் முழுதும் இன்னொருவரோடு ஒப்பிட்டே பேசிற்று என்பது வேறு கதை. அதற்குப் பின்னர் வருவேன். இந்திய ரெனிஸ் வரலாற்றில் நிருபமாக்கள் இருவர் உளர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுதல் நன்று. மூத்தவர் நிருபமா மங்கட். துடுப்பாட்ட வீரர் அசோக் மங்கட்டின் துணைவியார். 1971 இல் விம்பிள்டனிலே ஆனந்த் அமிர்தராஜுடன் சேர்ந்து கலப்பு இரட்டையர் ஆட்டம் ஆடியவர். இருவரையும் ஒருவரென்று நானே முதலில் மயங்கினேன்.

ரெனிஸ் ஆட்டம் நமக்குப் பழையதன்று. ஆங்கிலேயருக்கும் மிகப் பழையதன்று. புற்றரையில் ஆடும் இவ்வாட்டத்துக்கு விங்ஃபீல்ட் என்னும் படைத்தலைவர் காப்புரிமை பெற்றது 1874 இல். விம்பிள்டனில் ஆடவர் போட்டி 1877 இலும் மகளிர் போட்டி 1884 இலும் தொடங்கின. பின்னர் ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் வலையும் மட்டையும் உடன்சென்றன. துரைமார் பங்களாக்களிலும் மிஷன் வளவுகளிலும் திடல்கள் தோன்றின. நான் கற்ற மிஷன் பாடசாலையின் வளவிலும் ஒரு மூலையில் வெடித்துப்போன சீமெந்துத் தளம் ஒன்று கிடந்தது. ரெனிஸ் கோட் என்னும் பெயர் மாத்திரம் அதற்கு நிலைத்திருந்தது. மாணவர் அங்கே வலைப்பந்து ஆடினர். மாரிகாலத்தில் வழுக்கி விழுந்தனர். அப்பெயர் எங்ஙனம் வந்ததென்று எவரும் கேட்டிலர்.

தமிழ்நாட்டிலே இவ்வாட்டம் வேரூன்றியது குடும்பங்களின் வழியாக என்பது என் கருத்து. ரி. கே. ராமநாதன் தம் மகன் ராமநாதன் கிருஷ்ணனைத் தாமே பயிற்றினார். அம்மகன் 1954 இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்ற முதல் ஆசியரானார். 1960, 1961 ஆகிய இரண்டாண்டுகளிலும் பெரியோர் போட்டியில் அரையிறுதி வரை சென்றார். அவர் மகன் ரமேஷ் 1979 இல் அதே இளையோர் பட்டத்தை வென்றார். சென்னை அமிர்தராஜ் சகோதரரின் பின்னே அவர்தம் அன்னையாரின் உழைப்பு நின்றது. ஆனால், இவ்வரிசையிற் பேர்பெற்றவர் அனைவரும் ஆண்மக்கள்.

கோயம்புத்தூர் வைத்தியநாதன் இவ்வரிசையிலே பெண்பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தியவர். அவர் ரெனிஸ் வீரர் அல்லர். ரஞ்சிக் கிண்ணப் போட்டிகளில் ஆடிய துடுப்பாட்டக்காரர். மகள் குழந்தைப் பருவத்திலேயே மட்டையைக் கையிலெடுத்தபோது அவரே ஆசானானார். ஆட்டத்தைத் தாம் ஆடிப் பழகாத ஒருவர் மகளுக்காக அதனைக் கற்றுக் கற்பித்தார் என்பதை எண்ணுந்தோறும், இதே காலப்பகுதியில் அமெரிக்காவின் கொம்ப்டன் நகரத்துப் பொதுத் திடல்களிலே தம் புதல்வியர் வீனஸ், செரீனா ஆகிய இருவரையும் பழக்கிய றிச்சர்ட் வில்லியம்ஸ் என் நினைவுக்கு வருகின்றார். அவரும் தம் பிள்ளைகளுக்குத் தாமே ஆசானான தந்தையே.

நிருபமா பதின்பருவத்திலேயே இந்தியாவின் தேசிய மகளிர் பட்டத்தை வென்றார். ஒருமுறையன்று, மீண்டும் மீண்டும் வென்றார். நாட்டிலே தமக்கு நிகர் இல்லை என்ற நிலை வந்ததும் அவர்முன் நின்ற கேள்வி, இனி யாரோடு ஆடுவது என்பதே. இங்கேதான் தொழில்முறை ரெனிஸ் என்பது யாதெனச் சற்றே விரித்துரைக்க வேண்டும். நம்மில் பலர் அதனை விம்பிள்டன் இறுதியாட்டமும் வெள்ளித்தட்டும் என்று மாத்திரம் எண்ணுகின்றோம்.

பெரும் போட்டிகள் நான்கு: அவுஸ்திரேலியா, பிரான்ஸ், விம்பிள்டன், அமெரிக்கா. ஒவ்வொன்றிலும் மகளிர் ஒற்றையர் ஆட்டத்துக்கு 128 இடங்கள். அவற்றுட் பெரும்பாலானவை உலகத் தரவரிசையின்படி நிரம்பிவிடும். எஞ்சிய சில இடங்களுக்குத் தகுதிச் சுற்று நடைபெறும். வேறு சில இடங்களுக்குப் போட்டிக் குழுவினர் தாமே அழைப்பு விடுப்பர். தரவரிசை ஏற வேண்டுமாயின் புள்ளிகள் வேண்டும். அப்புள்ளிகளை உலகெங்கும் வாரந்தோறும் நடக்கும் சிறு போட்டிகளிலே பொறுக்கி எடுக்க வேண்டும். தொண்ணூறுகளில் அத்தகைய போட்டிகளுட் கடைநிலையானவற்றின் மொத்தப் பரிசு 10,000 அமெரிக்க டொலர். ஒருவருக்கன்று, ஆடவந்த எல்லோருக்குமாகப் பகிர்ந்து. விமானச் சீட்டு, தங்குமிடம், உணவு, மட்டைக்கு நரம்பு கட்டுங் கூலி எல்லாம் அவரவர் பொறுப்பு. முதற் சுற்றிலே தோற்றவர் கைநட்டத்தோடு அடுத்த ஊருக்குப் பேருந்தேறுவார். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ பிறந்தவருக்கு அடுத்த போட்டி அடுத்த நகரத்தில். கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு அது கண்டம் கடந்த பயணம். கடன்பட்டுக் கடல் கடந்த நம்மவர் கதையை அறிந்தோர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

பெண்களுக்கு இந்த அளவேனும் பரிசுப்பணம் வந்ததுகூடத் தானாக வந்ததன்று. 1970 இல் அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரிலே பில்லி ஜீன் கிங் முதலான ஒன்பது வீராங்கனையர், ஆடவருக்குக் கொடுப்பதிற் சிறுபங்கே தமக்குக் கொடுக்கப்படுவதை வெறுத்து, பெயரளவில் ஒரு டொலருக்கு ஒப்பந்தம் எழுதித் தனிப் போட்டி தொடங்கினர். 1973 இல் மகளிர் ரெனிஸ் சங்கம் உருவாயிற்று. அதே ஆண்டு அமெரிக்கப் போட்டி இருபாலாருக்கும் சமபரிசு அளித்தது. விம்பிள்டன் அந்நிலைக்கு வர 2007 ஆம் ஆண்டு வரை சென்றது. அவுஸ்திரேலியப் போட்டியின் போக்கு விந்தையானது: எண்பதுகளிற் சமபரிசு கொடுத்து, 1996 இல் அதனைக் கைவிட்டு, 2001 இல் மீண்டும் கைக்கொண்டது. ஆக, நிருபமா அங்கே ஆடிய 1998 இல், அதே சுற்றில் வென்ற ஆடவரினும் வீராங்கனைக்குக் குறைவாகவே கிடைத்தது.

நிற்க. அந்த 1998 தை மாதத்துக்கு வருவோம். மெல்பேண் நகரத்து அவுஸ்திரேலியப் போட்டியின் முதற் சுற்றில் நிருபமா இத்தாலிய வீராங்கனை குளோரியா பிற்சிச்சினியை எதிர்த்தாடி வென்றார். 1968 இன் பின், பெரும் போட்டி ஒன்றின் மகளிர் ஒற்றையர் பிரதான சுற்றிலே ஆட்டமொன்றை வென்ற முதல் இந்தியப் பெண் என்னும் பெயர் அவருக்குரியதாயிற்று. அடுத்த சுற்றிலே தோற்றார். பட்டத்தை வென்றவர் பதினேழு வயதே நிரம்பிய மார்ட்டினா ஹிங்கிஸ். அதே போட்டியின் இரண்டாஞ் சுற்றிலேதான் வீனஸும் செரீனாவும் தொழில்முறை ஆட்டத்தில் முதன்முறையாக ஒருவரையொருவர் எதிர்த்தாடினர்; தமக்கை வென்றார். உலகத்துப் பத்திரிகைகள் அக்காவையும் தங்கையையும் படம்பிடித்தன. கோயம்புத்தூர்ப் பெண்ணின் வெற்றி, இந்தியப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்துக்கு அப்பால் எவ்வளவு தூரம் சென்றிருக்கும்?

எமது பகுதிக்கு அது எட்டவேயில்லை என்று பெரியோர் கூறுவர். எட்டாமற்போனதில் வியப்பில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்திலே தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வீடுகள் கூரையற்றுக் கிடந்தன. யாழ்ப்பாணத்துக்கும் தெற்குக்கும் தரைவழி அற்றிருந்தது. அந்தத் தை மாதம் 29 ஆந் திகதி யாழ். மாநகரசபைக்குத் தேர்தல் நடந்தது. அதன்வழி சரோஜினி யோகேஸ்வரன் யாழ்ப்பாணத்தின் முதற் பெண் மாநகர முதல்வரானார். வைகாசி மாதத்திலே சுட்டுக்கொல்லப்பட்டார். அவ்வாண்டிலே முதற் பெண் என்ற சொல்லுக்கு இங்கே இருந்த பொருள் வேறு. ரெனிஸ் செய்தியை யார் தேடியிருப்பர்?

முதல்வி என்ற இச்சொல்லைச் சற்று நிறுத்துப் பார்த்தல் வரலாறு எழுதுவோன் கடமை. நிருபமாவுக்கு 64 ஆண்டுகள் முன்னரே, 1934 இல், லீலா ராவ் என்னும் பம்பாய்ப் பெண் விம்பிள்டன் முதற் சுற்றிலே கிளாடிஸ் சவுத்வெல் என்பவரை வென்றிருக்கின்றார். அவரே விம்பிள்டனில் ஆட்டம் வென்ற முதல் இந்தியப் பெண். அவ்வம்மையாரின் தாயார் பண்டிதை க்ஷமா ராவ். காந்தியடிகளின் போராட்டத்தைச் சத்தியாக்கிரக கீதை என வடமொழிக் காவியமாகப் பாடியவர். தாமும் ரெனிஸ் ஆடியவர். சாத்திரம் கற்ற வீட்டிலே பெண் விளையாடக் கூடாதென்று இன்றும் வாதிப்போர் இவ்விருவரையும் கருதுவார்களாக.

அவ்வாறாயின் நிருபமாவை முதல்வி என்றல் பிழையோ? பிழையன்று; ஆனால் அந்த 1968 என்னும் எல்லைக்கோட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். அவ்வாண்டுக்கு முன், பணத்துக்கு ஆடுவோர் பெரும் போட்டிகளுட் புக இயலாது. பொழுதுபோக்காக ஆடுவோர்க்கே அனுமதி. அவ்விதி பார்வைக்கு உயர்ந்தது. உண்மையில், பிழைப்புக்கு உழைக்க வேண்டாதவர்க்கே அது வாயிலைத் திறந்தது. லீலா ராவ் வசதி படைத்த வைத்தியர் ஒருவரின் மகள். அவர் திறமையை இது சிறிதும் குறைக்காது. 1968 இல் வாயில் எல்லோர்க்கும் திறந்தபின், போட்டி பன்மடங்காயிற்று. சிறுவயது முதல் வேறு தொழில் அறியாதோர் வந்து குவிந்தனர். அக்கூட்டத்தினிடையே சென்று, 128 பேரிலிருந்து எஞ்சிய 64 பேருள் ஒருவராய் நிற்க இந்தியப் பெண்ணொருத்திக்கு முப்பது ஆண்டுகள் சென்றன. பெரியவர் கேட்ட ஓர் ஆட்டத்தின் நிறை அதுதான்.

அவர் எட்டிய மிகவுயர்ந்த ஒற்றையர் தரம் 134. உலக முழுவதிலும் 133 பெண்கள் மாத்திரமே அவருக்கு முன் நின்றனர் என்று இதனைப் படிக்கலாம். முதல் நூறினுள்ளும் வரவில்லை என்றும் படிக்கலாம். இரண்டாவது வாசிப்பையே உலகம் விரும்பிற்று. 1998 மார்கழியில் பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவிலே மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையரில் வெண்கலப் பதக்கம் பெற்றார். 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலே மனிஷா மல்கோத்ராவுடன் இரட்டையர் ஆடினார். முதற் சுற்றோடு முடிந்தது. பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே குடியமர்ந்து, சிறுவர் சிறுமியருக்கு ரெனிஸ் பயிற்றலானார்.

இதனிடையே 2005 தை மாதத்திலே, அதே மெல்பேணில், ஹைதராபாத்துச் சானியா மிர்சா மூன்றாஞ் சுற்று வரை சென்று செரீனாவிடம் தோற்றார். அடுத்த மாதம் தம் சொந்த ஊரிலே உலக மகளிர் சங்கத்தின் பட்டமொன்றை வென்றார். 2007 இல் உலகில் 27 ஆம் இடத்தைப் பிடித்தார். 2015 இல் இரட்டையரில் முதலிடமே பெற்றார். அவர் புகழ் அதற்குத் தக்கதே. ஆனால் அன்று முதல் நிருபமா என்ற பெயர், சானியாவுக்கு முன் ஒருவர் என்னும் அடைமொழியோடு மாத்திரம் வரலாயிற்று. பின்வந்தவரின் வரலாற்றிலே முன்சென்றவர் ஓர் அடிக்குறிப்பானார். இதிற் சானியாவின் குற்றம் யாதுமில்லை. எழுதுவோர் குற்றம் அது.

நிருபமா தம் வாழ்க்கையைத் தாமே எழுதி 2013 இல் நூலாக வெளியிட்டார். நூலின் பெயர் த மூன்போலர். ரெனிஸிலே மூன்போல் என்பது நிலாவைத் தொட விட்டாற்போல் பந்தை மிக உயர அடித்து எதிராளியின் எல்லைக் கோட்டருகே விழச் செய்வது. விரைவிலே அடித்து முடிக்க விரும்புபவர் இதனால் பொறுமையிழந்து பிழைவிடுவர். பலங் குறைந்தவரின் உத்தி என்று எள்ளப்படுவதும் உண்டு. அவ்வெள்ளற் சொல்லையே எடுத்துத் தம் நூலுக்குத் தலைப்பாகச் சூட்டிய துணிவு எனக்கு மிகவும் பிடித்தது.

இனி, எம்மூருக்கு வருகின்றேன். இளைஞர் மலரிலே இதனைச் சொல்லாமல் விடுதல் கோழைத்தனம். எமது விளையாட்டு விழாக்களின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். ஆண்களுக்கு உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், துடுப்பாட்டம், படகோட்டம். பெண்களுக்குத் தேசிக்காய் ஓட்டமும் சங்கீதக் கதிரையும். பாடசாலையிலே வலைப்பந்தாட்டத்தில் வல்லவராய் இருந்த மாணவியர், உயர்தரப் பரீட்சை எழுதிய மறுநாளே ஆட்டத்தை விட்டுவிடுகின்றனர். காரணம் கேட்டால் இருட்டிப்போகும் என்பர். பஸ் இல்லை என்பர். நெடுந்தீவுப் பிள்ளையாயின் கடைசிப் படகு போய்விடும் என்பாள். இவை பொய்யல்ல. ஆனால் இதே இருட்டிலே, இதே பஸ்ஸிலே தனியார் வகுப்புக்குப் போய்வர எவ்வழியோ உண்டாகின்றது. வேண்டுமென்று வீடு தீர்மானித்துவிட்டால் வழி உண்டாகும் என்பதற்குப் புன்னாலைக்கட்டுவனிலிருந்து சென்ற தர்ஜினி சிவலிங்கம் சான்று. வலைப்பந்தாட்டத்திலே இலங்கை அணிக்காக ஆடி, 2018 இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியில் அவர் நின்றபோது, அவர் உயரத்தைப் பேசினவர் பலர். அவரை ஆடவிட்ட வீட்டைப் பேசினவர் சிலரே.

பெரியவரிடம் இவ்வளவையும் சொல்லியபின், அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "அந்தத் தகப்பன் துடுப்பாட்டக்காரன் எண்டோ சொன்னாய்?" என்று கேட்டார். ஆமென்றேன். "தனக்குத் தெரியாத ஆட்டத்தையே பழக்கினவர்?" ஆமென்றேன். "பிறகு அவ விளையாடினவவோ, இல்லை விட்டிட்டாவோ?" என்றார்.

அக்கேள்விக்குரிய விடை இதுதான். 2010 ஐப்பசியிலே டில்லியில் பொதுநலவாய விளையாட்டு விழா நடைபெற்றது. ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்று, தாயுமாகி, பிறர் பிள்ளைகளுக்குப் பயிற்றுநராகவும் இருந்த நிருபமா, 33 ஆவது வயதிலே மீண்டும் மட்டையை எடுத்து, கலிபோர்னியாவிலிருந்து வந்து இந்திய அணியிற் சேர்ந்தார். பதக்கம் எதுவும் அவருக்குக் கிட்டவில்லை. அவ்வணியிலே அவரோடு ஒரே சீருடை அணிந்து நின்றவர்களுள் சானியா மிர்சாவும் ஒருவர்.